சிறார் நாவல் வந்துவிட்டது, வாங்குவதெல்லாம் பெரியவர்கள். பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோவது?

கடலோரத்தான்:

வணக்கம். எனக்கு நாகைப் பக்கம். பத்திலிருந்து பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதினேன், ஒரு சின்னப் பதிப்பகம் வழியாகப் போன ஜூனில் வந்தது. பெயரை இங்கே போடவில்லை. போட்டால் விளம்பரம் என்று நிர்வாகி தூக்கிவிடுவார், போன மாதம் ஒருவருக்கு அப்படி ஆனதைப் பார்த்தேன்.

கதை இதுதான். மீனவ ஊரில் ஏழாவது படிக்கிற பெண். அப்பாவின் வலையில் ஒரு பங்குனி ஆமை சிக்கிச் செத்துப்போகிறது, அதை அவர் யாருக்கும் தெரியாமல் மணலில் புதைப்பதை இவள் பார்த்துவிடுகிறாள். அதே வாரம் கரையில் ஒரு முட்டைக்குழி இவள் கண்ணில் படுகிறது. வனத்துறையிடம் சொன்னால் முட்டையைப் பத்திரமாகப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போவார்கள், ஆனால் அப்பா விஷயமும் வெளியே வந்துவிடுமே என்று பயம். மீதிக் கதை அந்தப் பயம்தான். 144 பக்கம், விலை 160 ரூபாய், 500 பிரதி அடித்தோம்.

வெளியீட்டு விழா நன்றாகவே நடந்தது. நாற்பது பேர் வந்தார்கள். மேடையில் ஆறு பேர், ஆறு பேரும் பேசினார்கள், அதில் நாலு பேர் இந்தக் காலத்துக் குழந்தைகள் கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பதைப் பற்றிப் பேசினார்கள். அரங்கில் இருந்த குழந்தைகள் மொத்தம் இரண்டு. ஒன்று என் அக்கா மகன், அவன் கடைசி வரிசையில் கைப்பேசியில்தான் இருந்தான். இன்னொன்று மிக்சர் பொட்டலம் காலியானதும் தூங்கிவிட்டது.

இதுவரை 140 பிரதி போயிருக்கிறது. வாங்கியவர்கள் பெரும்பாலும் முகநூல் நண்பர்கள், அட்டையைப் பிடித்தபடி படம் எடுத்துப் போட்டார்கள், நன்றி, தப்புச் சொல்லவில்லை. ஆனால் படித்துவிட்டு என்னிடம் ஏதாவது சொன்ன பிள்ளை இதுவரை ஒன்றே ஒன்று. அதுவும் "அந்த நாய் கடைசியில் என்ன ஆச்சு?" என்று கேட்டது. நாயை நான் ஒன்பதாம் அத்தியாயத்தோடு மறந்தே போயிருக்கிறேன்.

ஒரு தனியார் பள்ளிக்குப் போனேன். முதல்வர் பின்னட்டையைப் படித்துவிட்டு, "இதுல மாரல் என்ன சார்?" என்றார். நான் கொஞ்சம் யோசித்தேன். அதற்குள் அவரே, "அப்பா தப்பு பண்ற மாதிரி வருதே, பேரண்ட்ஸ் கேப்பாங்க" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது. என் கையில் செலவு செய்ய 15,000 ரூபாய் வரை இருக்கிறது, நூறு பிரதியை நானே வாங்கி மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறேன் (மழைக்கு முன் இடம் மாற்ற வேண்டும், அது வேறு கவலை). ரீல்ஸ் போடலாமா, பள்ளிகளுக்கே போகலாமா, இலவசமாகக் கொடுக்கலாமா? பெரியவர்கள் தலையைத் தாண்டிப் பிள்ளைகளிடம் போக ஏதாவது வழி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஏழாம் வகுப்பு டீச்சர்:

சார், அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். உங்கள் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, பெரியவர்கள் தலையைத் தாண்டிப் போகவே முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் 160 ரூபாய் கிடையாது, தானாகக் கடைக்குப் போகவும் விடமாட்டார்கள். நடுவில் ஒரு பெரியவர் இருந்தே தீருவார். அந்தப் பெரியவர் முதல்வரா, வகுப்பறையில் தினமும் பிள்ளைகளோடு இருக்கிற ஆளா என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். முதல்வர் அறையில் புத்தகத்தை நீட்டினால் மாரல்தான் கேட்பார்கள். தமிழாசிரியரையோ நூலகப் பொறுப்பு பார்க்கிற ஆசிரியரையோ பிடியுங்கள்.

எங்கள் பள்ளிக்கு இரண்டு வருடம் முன்னால் ஓர் எழுத்தாளர் வந்தார். பிரேயர் முடிந்ததும் வெயிலில் எல்லாரையும் உட்காரவைத்து ஒன்றேகால் மணி நேரம் பேசினார். படிப்பதால் வரும் பயன்கள், தான் வாங்கிய விருதுகள், எல்லாம் சொன்னார். மூன்று முறை கை தட்டச் சொன்னோம், தட்டினார்கள். மறுநாள் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் என்னவென்று வகுப்பில் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை, "மைக் கத்துச்சு டீச்சர்" என்றார்கள். அதுதான் நினைவிருந்தது.

போன வருடம் நான் வேறொன்று செய்து பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் இருக்கிறதே, யாருக்கும் பாடம் ஏறாத பீரியட், அதில் ஒரு சிறார் நாவலைப் பத்து நிமிடம் வாசித்தேன். நடிப்பெல்லாம் இல்லை, சும்மா வாசிப்புதான். கிணற்றுக்குள் பையன் இறங்குகிற இடம் வந்ததும் மணி அடித்தது, உண்மையாகவே அடித்துவிட்டது, நான் திட்டம் போட்டு நிறுத்தவில்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், பாடப் புத்தகத்தையே ஒழுங்காகத் திறக்காத கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் சோற்றுக் கையோடு வந்து, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் பக்கத்தைப் புரட்டி நின்றபடியே படித்துக்கொண்டிருந்தான். எழுத்துக்கூட்டித்தான் படித்தான். பரவாயில்லை, கிணற்றிலிருந்து பையன் வெளியே வரும்வரை படித்தான். அந்த ஒரு பிரதி வருடக் கடைசியில் அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் சாம்பார் மஞ்சளாகி என்னிடம் திரும்பி வந்தது.

அதனால் நீங்கள் பேச வராதீர்கள், வாசிக்க வாருங்கள். ஒரே வகுப்பு, முப்பது நாற்பது பேர், ஓர் அத்தியாயம். பதில் தெரியாத இடத்தில் நிறுத்திவிட்டு இரண்டு பிரதியை வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அரசுப் பள்ளியில் பிள்ளைகளிடம் காசு வாங்கி விற்க மட்டும் முயலாதீர்கள், தலைமையாசிரியருக்குத்தான் சிக்கல். உள்ளே வருவதற்கும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. எங்கள் துறையில் வாசிப்பு இயக்கம் வந்தபோது புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தார்கள், வயதைப் பார்க்கவில்லை, பிள்ளை எவ்வளவு சரளமாகப் படிக்கிறது என்பதைப் பார்த்தார்கள். எல்லாமே சின்னச் சின்னப் புத்தகங்கள். "பற" முடித்த பிள்ளை அடுத்து எதைப் பிடிக்கும்? 144 பக்க நாவலா? நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. உங்கள் புத்தகத்தை ஒரு பிள்ளை கையில் கொடுத்துவிட்டு என்ன செய்கிறது என்று பாருங்கள், முதலில் படிக்காது, பக்கங்களைச் சரசரவென்று விட்டுப் பார்க்கும். பத்தி தடிமனாக இருந்தால், படம் இல்லையென்றால், கீழே வைத்துவிடும். எழுத்து எந்த அளவு போட்டிருக்கிறீர்கள்?

கடலோரத்தான்:

டீச்சர், நன்றி. எழுத்து 12 புள்ளி. அத்தியாயத்துக்கு ஒரு கோட்டோவியம் உண்டு. பத்தி... தடிமன்தான், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், 31ஆம் பக்கம் முழுக்க ஒரே பத்தி. ஆமை கரையேறுகிற காட்சி, எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம்.

ஏழாம் வகுப்பு டீச்சர்:

அந்தப் பக்கத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள் சார். காதுக்குத் தடிமன் தெரியாது.

பத்துக்குப் பத்து அரங்கு:

அண்ணே, நான் விற்கிற பக்கம். பதினோரு வருடமாக ஊர் ஊராகப் புத்தகக் காட்சியில் நிற்கிறேன், சிறார் நூல்கள்தான் எனக்குச் சோறு போடுகிறது. முதலில் கணக்கைப் பேசிவிடலாம், எழுதுகிறவர்கள் யாரும் இதைப் பேசமாட்டார்கள்.

160 ரூபாய்ப் புத்தகம். ராயல்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பிரதிக்கு 16 ரூபாய். 500 பிரதியும் விற்றால் உங்களுக்கு 8,000 வரும். நீங்கள் 15,000 செலவு செய்யப்போகிறீர்கள். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அது திரும்பி வராது என்று தெரிந்து செய்யுங்கள். நீங்களே வாங்கி வைத்திருக்கிற நூறு பிரதி வேறு கணக்கு. 40 சதவீதக் கழிவில் எடுத்திருந்தால் அடக்கம் 96. காட்சியில் வழக்கம்போலப் பத்து சதவீதம் தள்ளி 144க்கு விற்றால் பிரதிக்கு 48 நிற்கும். அதனால் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறதை முதலில் நனையாமல் காப்பாற்றுங்கள்.

இப்போது அரங்கில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பிள்ளை உள்ளே வரும், நேராக அட்டையைப் பார்த்து ஒன்றை எடுக்கும். அம்மா அல்லது அப்பா வாங்கித் திருப்பி முதலில் விலை பார்ப்பார்கள், அப்புறம் பின்னட்டை. பின்னட்டையில் இந்த நூல் குறித்துப் பேராசிரியர் ஒருவர் எழுதிய பாராட்டு இருக்கும். எந்த வயதுக்கு என்று இருக்காது, கதை என்னவென்று இருக்காது. "இது உனக்குப் புரியாது, இந்தா பொது அறிவு எடு" என்று வைத்துவிடுவார்கள். இதைத் தினமும் இருபது தடவையாவது பார்க்கிறேன். பின்னட்டையில் "10 வயது முதல்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, மூன்று வரிக் கதை போட்ட புத்தகம் தானாக நகர்கிறது. உங்கள் பின்னட்டையில் என்ன இருக்கிறது?

சென்னைக் காட்சியில், நந்தனத்தில், பொங்கல் விடுமுறையிலும் சனி ஞாயிறிலும்தான் குடும்பமாக வருவார்கள். வார நாள் மதியம் வந்து அரங்கில் உட்காராதீர்கள், உங்களுக்கும் சோர்வு, எங்களுக்கும் இடைஞ்சல், பத்துக்குப் பத்து அடியில் ஓர் எழுத்தாளர் நாற்காலி போட்டால் நாலு வாடிக்கையாளர் வெளியே நிற்பார்கள். விடுமுறை நாள் மாலை இரண்டு மணி நேரம் போதும். வருகிற பிள்ளையிடம் "என்ன படிக்கிற, என்ன ராங்க்" என்று ஆரம்பிக்காதீர்கள். செத்த ஆமையை அப்பா புதைப்பதை மகள் பார்த்துவிட்டாள் என்று ஒரே வரி சொல்லுங்கள், நிறுத்துங்கள். கையெழுத்துப் போடும்போது பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பெயர் எழுதிய புத்தகத்தை எந்த அம்மாவும் திரும்ப வைக்க மாட்டார். (தொழில் ரகசியம், வெளியே சொல்லாதீர்கள்.)

நந்தனத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஈரோட்டில் ஆகஸ்டில் நடக்கிறது, 2005லிருந்து நடக்கிறது, அங்கே பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த காசைக் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்து வாங்குவார்கள், ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் நாணயமாக. எண்ணி முடிப்பதற்குள் எனக்கு விரல் கறுத்துவிடும். தன் காசில் வாங்குகிற பிள்ளை தனக்குப் பிடித்ததைத்தான் வாங்கும், மாரல் கேட்காது. இப்போது மாவட்டத்துக்கு மாவட்டம் அரசே காட்சி நடத்துகிறது, பள்ளிகளிலிருந்து பேருந்தில் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். உங்கள் நாகை மாவட்டத்திலேயே நில்லுங்கள். கடலைப் பார்க்காத சென்னைப் பிள்ளையைவிட அந்தக் கரையிலேயே ஓடுகிற பிள்ளைதான் முதல் வாசகர்.

பழைய கோகுலம் வாசகன்:

பெங்களூரோ சென்னையோ, ஆங்கில மீடியம் பிள்ளைகள் தமிழில் 144 பக்கம் படிப்பார்கள் என்று இன்னும் நம்புகிறீர்களா? நாங்கள் கோகுலம் அம்புலிமாமாவுக்குச் சண்டை போட்டோம், அந்தக் காலம் போய்விட்டது. பேசாமல் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸப்பில் விட்டுவிடுங்கள். படிக்கிறவர்கள் படிக்கட்டும். இல்லையென்றால் கிண்டிலில் போட்டு 90 நாளைக்கு 5 நாள் இலவசம் கொடுக்கிறார்களே, அதைச் செய்யுங்கள்.

பத்துக்குப் பத்து அரங்கு:

ஐயா, பத்து வயதுப் பிள்ளை எங்கே கிண்டில் வைத்திருக்கிறது? அந்த ஐந்து நாளில் இறக்கி வைத்துக்கொள்பவர்களும் உங்களையும் என்னையும் போன்ற ஆட்கள்தான், இறக்கியதோடு சரி. பிடிஎஃப் விட்டால் பதிப்பகத்தார் உங்களை அடுத்த புத்தகத்துக்குச் சேர்க்கவே மாட்டார். ஒப்பந்தத்தில் மின்னூல் உரிமை யாரிடம் இருக்கிறது என்றாவது முதலில் பாருங்கள் அண்ணே.

பிருந்தாவனத்தில் ஏறிய அம்மா:

பெங்களூர் என்று பெயர் வந்ததால் நானும் எழுதுகிறேன். என் மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் தமிழ்தான், பாட்டியோடு சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ். ஆனால் படிக்கத் தெரியாது, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். இப்படி ஒரு தலைமுறையே இருக்கிறது, கேட்டால் புரியும், எழுத்தைப் பார்த்தால் ஓடும். பழைய கோகுலம் வாசகர் சொல்வது போல இவர்களைக் கைகழுவிவிட வேண்டியதில்லை.

முதல் மூன்று அத்தியாயத்தை நீங்களே உங்கள் குரலில் பேசிப் பதிவு செய்து போடுங்கள். இசை, ஸ்டுடியோ எதுவும் வேண்டாம், கைப்பேசியில் போர்வைக்குள் உட்கார்ந்து பேசினாலே போதும், ஃபேனை மட்டும் நிறுத்துங்கள். நாங்கள் ரயிலில் ஊருக்குப் போகும்போது கேட்போம். நான்காவது அத்தியாயத்துக்குப் புத்தகம் வேண்டும் என்று ஆகிவிட்டால் நான் வாங்கிப் படித்துக் காட்டுவேன். படித்துக் காட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் பார்க்கிறாள், போன லீவில் "ஆமை" என்று ஒரு கடைப் பலகையில் அவளாகப் படித்தாள், அது "ஆமைவடை" என்பது வேறு விஷயம். மூன்று அத்தியாயம் கொடுக்கலாமா என்று பதிப்பகத்தாரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.

உங்கள் ஊர்ப் பேச்சு கதையில் வருகிறது என்றால் அதை நாகைக்காரர் வாயால் கேட்பதுதான் எங்களுக்கு ருசி. தயவுசெய்து வானொலித் தமிழில் வாசிக்காதீர்கள்.

இரண்டு புத்தகம் போட்டவன்:

தோழர், நானும் இதே படிக்கட்டுக்குக் கீழே புத்தகம் அடுக்கியவன்தான், என்னுடையதை இரண்டாவது வருடம் கரையான் எடுத்துக்கொண்டது. நாலு விஷயம் சொல்கிறேன், எந்த வரிசையிலும் இல்லை.

விருது தருகிறோம், பதிவுக் கட்டணம் இவ்வளவு அனுப்புங்கள் என்று ஃபோன் வரும். கூடவே சால்வை, கேடயம், புகைப்படம். ஓடிவிடுங்கள். நான் முதல் புத்தகத்துக்கு 2,500 கட்டிக் கேடயம் வாங்கினேன், அதில் என் பெயரில் எழுத்துப்பிழை. காசு கேட்கிற இடத்தில் விருது கிடையாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சாகித்ய அகாதமி 2010லிருந்து பால சாகித்ய புரஸ்கார் கொடுக்கிறது, 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும், அதில் யாரும் யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை.

காசு வாங்கிக்கொண்டு ரீல்ஸ் போடுகிறவர்கள் பற்றி: அதைப் பார்ப்பவர்களும் எழுத்தாளர்கள்தான். உங்கள் 15,000த்தில் ஒரு ரூபாய் கூட அங்கே போக வேண்டாம்.

நூலக ஆணைக்கு, அதாவது அரசு பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிற ஆணைக்கு, பதிப்பகத்தார் விண்ணப்பிக்கிறாரா என்று கேளுங்கள், சின்னப் பதிப்பகங்கள் சில சமயம் கடைசித் தேதியை விட்டுவிடுவார்கள். ஆணை வந்தால் கிளை நூலகங்கள் வரை புத்தகம் போய்விடும், நாம் வீட்டு வரியோடு சேர்த்துக் கட்டுகிற நூலக வரி நமக்கே திரும்பி வருகிற ஒரே வழி அதுதான். ஆணை வராவிட்டாலும் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசியுங்கள், நூலகர் சம்மதித்தால் போதும், மேடை, பொன்னாடை எதுவும் இல்லாமல்.

நாலாவது, நீங்கள் நாவலைத் தூக்கிக்கொண்டு அலைவதை விட்டுவிட்டு ஆமையைத் தூக்கிக்கொண்டு போங்கள். மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்பினால் ஆறு மாதம் கழித்து நாலு வரி வரும், அதையும் எந்தப் பிள்ளையும் படிக்காது. அதற்குப் பதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்துகிற துளிர் என்ற சிறார் அறிவியல் இதழுக்குப் பங்குனி ஆமை பற்றி நல்ல கட்டுரை ஒன்று எழுதுங்கள். குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இருக்கும், ஏறக்குறைய ஐம்பது நாளில் பொரியும், மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ச்சியாக இருந்தால் ஆண் அதிகம். இதைக் கேட்டுவிட்டு எந்தப் பிள்ளை சும்மா போகும்? கட்டுரைக்குக் கீழே நாவல் பெயர் ஒரு வரி. சென்னையில் மாணவர்கள் 1988லிருந்து இரவில் கடற்கரை நெடுக நடந்து முட்டைக்குழி தேடுகிறார்கள், ஜனவரியிலிருந்து மார்ச் வரை பொதுமக்களும் கூடப் போகலாம், அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அப்பா அம்மா கையைப் பிடித்துவந்த பிள்ளைகள். அதே ஜனவரியில்தான் உங்கள் புத்தகக் காட்சியும் வருகிறது, இதைவிட நல்ல மாதம் உங்களுக்குக் கிடைக்காது.

கடலோரத்தான்:

எல்லாருக்கும் நன்றி, பதிலே எழுதாமல் போனதற்கு மன்னிக்கவும். ஏழு வாரம் ஆகிவிட்டது. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

புத்தகங்கள் மாடிப்படிக்குக் கீழிருந்து கட்டிலுக்கு மேல் போய்விட்டன, நான் பாயில் படுக்கிறேன். பின்னட்டையில் பேராசிரியர் பாராட்டுதான் இருந்தது, நீங்கள் சொன்னதுபோல. மீதிப் பிரதிகளுக்கு "10 வயது முதல்" என்று ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டியாயிற்று. ஒலிப்பதிவு ஒன்றரை அத்தியாயம் முடிந்திருக்கிறது, ஃபேனை நிறுத்தினால் நாய் குரைக்கிறது.

டீச்சர் சொன்னதுபோல, தெரிந்த ஆசிரியர் ஒருவர் வழியாகக் கடற்கரை ஓர அரசுப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குப் போனேன். 34 பிள்ளைகள். 31ஆம் பக்கம் வாசித்தேன், அந்தத் தடிமன் பத்தி. ஆமை மூச்சு வாங்கிக்கொண்டு மணலைத் தோண்டுகிற இடம் வரை சத்தமே இல்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் ஏறியது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. அப்போது இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சார், பங்குனி மாசம்னு சொன்னீங்க. அப்புறம் வாடைக் காத்து அடிக்குதுன்னு சொல்றீங்க. பங்குனில ஏது சார் வாடை? காத்து தெக்க இருந்துல்ல வரும்?" வகுப்பு முழுக்கச் சிரிப்பு, பக்கத்துப் பையன் "ஆமா சார், எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லும்" என்றான். அவர்கள் வீட்டில் காற்றைப் பார்த்துத்தான் படகு இறக்குகிறார்கள், நான் பஸ்ஸில் போய் வங்கியில் வேலை பார்த்த ஆள், வாடை என்ற சொல் அழகாக இருக்கிறதென்று போட்டுவிட்டேன். பிழை பார்த்தவரும் கவனிக்கவில்லை, அணிந்துரை எழுதியவரும் கவனிக்கவில்லை.

மணி அடித்த பிறகும் முக்கால் மணி நேரம் பேசினோம். சினை ஆமை, வலையில் ஆமை வந்தால் ஊரில் என்ன சொல்வார்கள், எல்லாம் அவர்கள்தான் சொன்னார்கள். நாய்க்கு என்ன ஆச்சு என்று இங்கேயும் கேட்டார்கள். இரண்டு பிரதி விட்டுவிட்டு வந்தேன். போன வாரம் ஆசிரியர் ஃபோன் செய்தார், புத்தகம் எந்த வீட்டில் இருக்கிறது என்று இப்போது அவருக்கே தெரியவில்லையாம்.

ஒரு சந்தேகம். இன்னும் 300க்கு மேல் இருக்கிறது. எல்லாவற்றிலும் 31ஆம் பக்கத்தில் "தென்காற்று" என்று ஒரு சின்னச் சீட்டு ஒட்டிவிடட்டுமா? அசிங்கமாக இருக்குமோ?

பத்துக்குப் பத்து அரங்கு:

நூலகத்துக்கும் போட்டிக்கும் போகிற பிரதியில் மட்டும் ஒட்டுங்கள் அண்ணே. 300 சீட்டு வெட்டி ஒட்ட உட்கார்ந்தால் ஜனவரி வந்துவிடும்.

ஏழாம் வகுப்பு டீச்சர்:

வகுப்புக்கு எடுத்துப்போகிற பிரதியில் ஒட்டவே வேண்டாம் சார். இந்தப் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது, கடலோரப் பிள்ளை ஒருத்தி கண்டுபிடித்தாள், உங்களால் முடியுமா என்று கேட்டுவிட்டு வாசியுங்கள். எங்கள் பள்ளிக்கு எப்போது வருகிறீர்கள்? இங்கே கடல் கிடையாது, ஏரிதான். நாய் விஷயத்தையும் அதற்குள் ஏதாவது முடிவு செய்துகொண்டு வாருங்கள், என் வகுப்பு கண்டிப்பாகக் கேட்கும்.